துளசிராம் அண்ணன் கேட்ட குறை

செய்தி வந்தபோது நான் குளியலறை கழுவிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா அது. நம் அலுவலகத்துச் செல்லப்பாண்டிதான் போனில் சொன்னார். "சண்முகம், துளசிராம் அண்ணே போய்ட்டாரு. தூக்கத்துலயே போயிருக்கு." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால், இன்னொரு கையில் கடையில் வாங்கிய பினாயில் பாட்டில் இருந்தது. அவசரமாக அதை மூடி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். போனவர் வந்து பார்க்கப் போகிறாரா என்ன? ஆனாலும் ஒளித்தேன்.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான்தானாம். உண்மைதான். நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு நானும் என் வேலையைப் பார்க்கலாம். ஆனால் அவர் விஷயத்தில் நான் நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னதுதான் வினையாகிப் போனது. அதனால் இந்த முறை நடந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. துளசிராம் நம் அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் இருந்தவர். சௌராஷ்டிரக் குடும்பம், அனுப்பானடியில் வீடு. வீட்டில் அவர்கள் பாஷை, வெளியே நம் பாஷை, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். இந்த இரண்டும் எந்த உறவுமுறையிலும் சேராது. மதுரையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அவருடைய கைவரிசையை நான் முதன்முதலில் கண்டது அலுவலகத்துக் கைகழுவும் தொட்டியில். நம் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அது பித்தளையா இரும்பா சுண்ணாம்பா என்றே தெரியாது. ஒருநாள் மதியம் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவிலிருந்தும் பிழிந்த எலுமிச்சை மூடிகளைக் கேட்டு வாங்கினார். கல்லுப்பைத் தொட்டு அந்தக் குழாயில் தேய்த்து, மூடிகளை அதன் மேலேயே கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தேய்க்கப் பார்த்தேன். "கைய எடு மாப்ள. அழுக்குக்கு அவசரமே கிடையாது, நமக்குத்தான் அவசரம். ஊறட்டும்" என்றார். சாயங்காலம் அதிகாரி கை கழுவ வந்தவர், புதுக் குழாய்க்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

இன்னொரு நாள், தணிக்கைக்கு ஆள் வந்திருந்த சமயம், சாப்பிடும்போது என் வெள்ளைச் சட்டையில் குழம்பு எண்ணெய் சிந்திவிட்டது. நான் தண்ணீரைத் தொட்டுத் தேய்க்க ஓடினேன். துளசிராம் அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதித் தட்டை எடுத்து, கறையின் மேல் தாராளமாகக் கொட்டி அமுக்கினார். "எண்ணெயைத் தண்ணி என்ன செய்யும்? பொடிதான் குடிக்கும்" என்றார். தணிக்கை அதிகாரிக்கு முன்னால் சட்டைக்கும் பட்டை போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டிவிட்டபோது முக்கால்வாசி எண்ணெய் விபூதியோடு போய்விட்டது. மீதியை வீட்டில் சோப்பு பார்த்துக்கொண்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் வெறும் வாய்ச்சவடால் ஆள் இல்லை. புளி, எலுமிச்சை, சாம்பல், புளித்த மோர் என்று அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பலித்தது. அந்தக் காலத்தில் பலிக்காததை நாங்கள் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவோம். வெள்ளைத் துணிக்குச் சாதம் வடித்த கஞ்சியில் ஏதோ கலந்து கொடுத்தார். என் வேட்டி மரப்பலகை மாதிரி விறைத்துவிட்டது. "அண்ணே, வேட்டி தனியா நிக்குதுண்ணே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே அளவை மாற்றிக் கொண்டுவந்தார். எங்களுக்குள் பூசி மெழுகுவது அப்போது கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் எல்லாம் மாறியது. தினமும் பார்த்துக்கொண்டிருந்தவரை மாதம் ஒருமுறை பார்க்கும்போது ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதை பொய் சொல்ல வைக்கிறது.

அவர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். பழத்தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூடிவைத்து மூன்று மாதம் புளிக்கவிட்டால், தரைக்கும் பாத்திரத்துக்கும் கழிப்பறைக்கும் ஒரே திரவம். கீழவாசல் ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. அதைக் கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வருவார். மொட்டை மாடியில் நீல டிரம்கள் வரிசையாக வந்தன. ஆரம்பத்தில் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். "பச்சப்புள்ளைக்குப் பாலைக் குடுத்துட்டு ஏப்பம் விட வைக்கிறோமா இல்லியா? அது மாதிரிதான் மாப்ள" என்பார். அதற்குத் 'தோல் தண்ணி' என்று பெயரும் வைத்துவிட்டார். ஓய்வூதியம் வந்த கையோடு பெரியார் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் நாம் காப்பி குடிக்கக் கூடுவோமே, அங்கே ஒரு பெரிய பையோடு வருவார். ஆளுக்கு ஒரு பாட்டில். கடைச் சரக்கின் பெயரை யாராவது எடுத்தால், "அவன் நுரையை விக்கிறான். நுரை வேற, சுத்தம் வேற" என்று ஆரம்பித்துவிடுவார்.

முதல் பாட்டிலை நான் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்தேன். மூன்றாம் நாள் அது வெடித்தது. அலமாரிக் கதவு திறந்துகொண்டு, பழுப்புத் தண்ணீர் சுவர் முழுக்க அடித்து, புளித்த வாடை ஒரு வாரத்துக்குப் போகவில்லை. என் மனைவி புஷ்பம் கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றாள். "அந்த மனுசன் மேல எனக்குக் கோவம் இல்லை. பல்லக் காட்டிக்கிட்டு வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, உங்களச் சொல்லணும். இனிமே அந்தத் தண்ணி இந்த வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள். தாண்டவில்லை.

அடுத்த மாதம் அண்ணன் ஆவலாகக் கேட்டார். "எப்பிடி இருக்கு மாப்ள? ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லு. அம்புட்டுப் பேரும் நல்லாருக்கு நல்லாருக்குங்குறாங்க. குறை சொன்னாத்தான அடுத்த டிரம்முல சரி பண்ண முடியும்?"

அப்போது வேட்டி விறைத்த கதையைச் சொன்ன வாய்தான் எனக்கு. பாட்டில் வெடித்த கதையையும் சொல்லியிருக்கலாம். இன்னும் பத்து நாள் புளிக்கட்டும் என்று அவர் விட்டிருப்பார். ஆனால் மாடியும் கீழும் ஏறி இறங்கிக் கறுத்துப்போயிருந்த முகத்தைப் பார்த்தேன். அந்தப் பையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். "குறையா? வீடே மணக்குதுண்ணே. புஷ்பம் வேற எதையும் கையால தொட மாட்டேங்குறா" என்றேன், வாய் கூசாமல்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "அப்பிடியா? வெல்லம் கொஞ்சம் கூடப் போட்டேன் மாப்ள, அதான் மணம். இனிமே இதான் அளவு" என்றார்.

அன்றிலிருந்து மாதாமாதம் எனக்கு இரண்டு பாட்டில். புஷ்பத்துக்குப் பிடித்திருக்கிறது அல்லவா? பசுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குத் திரும்பும் முன்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் ஊற்றிவிட்டு, காலிப் பாட்டில்களை அலம்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த மாதம் அவற்றைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு கட்டத்தில் எனக்கே அது பொய் என்று தோன்றாமல் போய்விட்டது. புஷ்பம் அந்தத் தண்ணீரால் ஜன்னல் கம்பியைக்கூடத் துடைக்கிறாள் என்று ஒருநாள் நானாகவே சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. எதற்குச் சொன்னேன்?

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மாடி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் அடங்கியிருந்தவர் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டார். அவருடைய மகள் ஹேமா என்னைக் கூப்பிட்டாள். பெற்றோரோடு அதே வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிற பெண். அதிகம் பேசாது. "அங்கிள், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறார். எல்லாரும் என் தண்ணிய நம்பி இருக்காங்கன்னு சொல்றார். நீங்க ஒரு வார்த்தை, எங்களுக்கு வேண்டாம்ணேன்னு சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பார்" என்றாள். நான் பெரிய மனுஷத் தோரணையில், "நான் பாத்துக்கிறேம்மா, கவலைய விடு" என்றேன்.

போனேன். அவர் மாடியில் இருந்தார். நானும் ஏறினேன். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"ஏண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு? நீங்க என்ன செய்றீங்க?" என்றேன்.

"இவனுகளுக்கு ஏப்பம் எடுக்கணும்ல? உன் அண்ணி முழங்கால் வலிக்காரி. ஹேமா வேலைக்குப் போறா. நான் வராட்டி யாரு வருவா?"

"நிறுத்திருங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிறுத்திட்டா? உனக்கே ரெண்டு பாட்டிலு வேணும். ஜெயசீலி மேடம் மூணு கேக்குறாங்க. நீங்கள்லாம் மறுபடி அந்த நுரைக்காரன்கிட்டயா போவீங்க?" என்று சொல்லிவிட்டு, "சரி, அத விடு. இந்தத் தடவையாவது ஒரு குறை சொல்லு மாப்ள. ஒரு பொருள் இம்புட்டு நாளாக் குறையே இல்லாம இருக்குமா?" என்றார்.

எங்களுக்கு வேண்டாம்ணே. அவ்வளவுதான், அந்த ஒரு வரிதான். அதைச் சொன்னால் ஏன் வேண்டாம் என்பார். அப்புறம் வேப்பமரம் வரைக்கும் சொல்ல வேண்டிவரும். மென்று முழுங்கிவிட்டேன். "மெதுவா ஏறி எறங்குங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் கொடுத்த இரண்டு பாட்டிலோடு கீழே இறங்கும்போது ஹேமா படிக்கட்டுப் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையிலும் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

மாடி ஏறியதற்கும் அவர் போனதற்கும் சம்பந்தம் இல்லை, எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். செல்லப்பாண்டி இதை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் அந்த டாக்டரை நம்பத்தான் பார்க்கிறேன்.

அன்று அனுப்பானடி வீட்டுக்கு நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். நடுவில் ஹேமா எழுந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் ஆகியும் வரவில்லை என்று நான் பின்னாலேயே போனேன். அவள் ஒவ்வொரு டிரம்மாக மூடியைத் திறந்து, காற்று போகும்வரை பிடித்திருந்து, திரும்ப மூடிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குத் திறக்கலைன்னா வெடிச்சிரும் அங்கிள்" என்றாள். நான் ஒரு மூடியைப் பிடித்தேன். எனக்கு அதைத் திறக்கும் விதம்கூடத் தெரியவில்லை.

மயானத்திலிருந்து திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். நம் அலுவலகத்து ஜெயசீலி மேடமும் வீட்டிலிருந்து நேரே அங்கே வந்திருந்தார். யார் முதலில் ஆரம்பித்தது என்று நினைவில்லை. செல்லப்பாண்டி தன் பங்கைத் தன் அடுக்குமாடி வாட்ச்மேனிடம் கொடுத்துவந்திருக்கிறார். வாட்ச்மேன் என்ன செய்தார் என்று அவர் கேட்டதே இல்லை. ஜெயசீலி மேடம் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் பரண்லதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை, தொறக்கத் தைரியம் வரலை. அப்புறம் ஏன் மூணு கேட்டேன்னு கேக்காதீங்க. அவர் குடுக்குறப்போ அம்புட்டு சந்தோஷமாக் குடுப்பாரு" என்றார். நான் வேப்பமரத்தைச் சொன்னேன். ஆளுக்கு ஆள் நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறோம். அவர் ஒரு குறைக்காகக் கையேந்தி நின்றார். பாராட்டைத் தவிர நாங்கள் வேறு எதையும் போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஹேமா என்னை வரச்சொல்லியிருந்தாள். இரண்டு பாட்டில் எடுத்துவைத்திருந்தாள். "உங்க வீட்டுக்குன்னு அப்பா வடிகட்டி வச்சிருந்தது" என்றாள். வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் அவள் அதைக் கேட்டாள். "மாடில இன்னும் டிரம் இருக்கு அங்கிள். நான் லீவு நாள்ல தொடர்ந்து போட்டுக் குடுக்கட்டுமா? அப்பா ஆஸ்பத்திரில நர்ஸுகிட்டகூட உங்களப் பத்திதான் சொன்னார். என் சிநேகிதன் வீட்ல வேற எதுவும் வாங்குறதே இல்லைன்னு."

இருபத்தைந்து வயதுப் பெண் லீவு நாளில் சாத்துக்குடித் தோல் மூட்டையைச் சுமந்துகொண்டு மாடி ஏறப்போகிறது. யாருக்காக? எனக்காக. இன்னொரு பெரிய மனுஷத் தலையாட்டல் ஆட்டியிருந்தால் அதுவும் நடந்திருக்கும். "பாத்துச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டாரிடம் அந்தத் தண்ணீரைப் பற்றி மூன்று வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்யில்லாத வார்த்தை அதுதான்.

அன்று வேப்பமரத்தடியில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போனேன். புஷ்பம் பாட்டில்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வழிவிட்டாள். மறுநாள் காலையில் வாளித் தண்ணீரில் ஒரு குவளை கலந்து கூடம் முழுக்க நானே துடைத்தேன். நுரை வரவில்லை. வாடை கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. குளியலறை வாசலில் உப்பு படிந்திருந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றி, அவர் சொன்ன மாதிரி ஊறவிட்டேன். நிஜமாகவே பாதிக்கு மேல் விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல சரக்கையா இத்தனை நாள் மரத்தடியில் கொட்டினோம் என்று நொந்துகொண்டேன்.

மதியம் புஷ்பம் கூப்பிட்டாள். கூடத்தில் சோபாவிலிருந்து ஜன்னல் வரைக்கும் எறும்பு. சாரை சாரையாக வந்துகொண்டே இருந்தது. "சித்திரைத் திருவிழாவுக்குக்கூட இம்புட்டுக் கூட்டம் வராது" என்றாள். காலை வைத்துப் பார்த்தேன். தரை லேசாகப் பிசுபிசுத்தது. வெல்லம். என் வீடு மணக்கிறது என்று அவர் கூட்டிப் போட்ட வெல்லம்.

உட்கார்ந்து யோசித்தால் போன் பண்ண மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே ஹேமாவைக் கூப்பிட்டேன்.

"ஹேமா, அந்தத் தண்ணில ஒரு குறை இருக்கும்மா. உப்புக்கறை நல்லாப் போகுது. ஆனா வெல்லம் கூடிப்போச்சு. தரை பிசுபிசுங்குது, எறும்பு மொய்க்குது."

ஹேமா மெதுவாகக் கேட்டாள். "மூணு வருஷமாவா அங்கிள் எறும்பு வந்துச்சு?"

இதற்கும் ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தத் தடவை மட்டும்தாம்மா, இதற்கு முன்னால் வந்ததே இல்லை என்று சொல்லலாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைச் சொல்லவில்லை. "இல்லம்மா. இன்னிக்குத்தான் மொத வாட்டியாத் தொடச்சேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது, யார் போனில் என்று கேட்டிருப்பார். ஹேமா அவர்கள் பாஷையில் ஏதோ பதில் சொன்னாள். நீளமான பதில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இத்தனை வருஷம் பழகியும் அந்தப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லையே என்று அப்போது தோன்றியது. பிறகு அவள், "சரி அங்கிள். வெல்லத்தைப் பாதியாக் குறைச்சுப் பாக்குறேன். ஒரே ஒரு டிரம் மட்டும் போடுறேன். வேணும்னா வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எப்படியானாலும் போய் வாங்கப் போகிறேன்.

நண்பர்களே, உங்கள் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் அவருடைய பாட்டில்கள் இருக்கும். திறந்து துடைத்துப் பாருங்கள். இருக்கிற குறையை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். என்னிடம் மீதி இருப்பது ஒரு முழுப் பாட்டில், அப்புறம் இந்த ஒரு குறை. அதை மாடியில், அந்த வாளி மேல் உட்கார்ந்து கேட்டவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார். சந்தோஷப்பட்டிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.